கையறுநிலைக்கு மருத்துவச் சான்றிதழ்

மந்தைவெளியில் வசித்த நண்பரொருவர் மாரடைப்பில் இறந்துபோனார். கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் அவருடைய மூத்த மகள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வகுப்புக்குப் போனாள். வராத நாட்களுக்காக அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்தாள். மருத்துவச் சான்றிதழ்தான் செல்லும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தியாகராய நகரில் தெரிந்த மருத்துவர் ஒருவர் வைரஸ் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார். அது உடனே ஏற்கப்பட்டது. தகப்பன் செத்தது உண்மை, காய்ச்சல் பொய். பொய்க்குக் கோப்பில் இடமிருந்தது, உண்மைக்கு இல்லை.

இதை ஓர் எழுத்தரின் கல்நெஞ்சமாகச் சுருக்கிவிட முடியாது. கோளாறு விதியில் இருக்கிறது. பருவத்துக்கு 90 வேலைநாட்கள், 75 சதவீத வருகை கட்டாயம் என்றால் ஒருவர் 22 நாட்கள் வராதிருக்கலாம். தாராளம்தானே என்பார்கள். ஆனால் சாவு பதினாறாம் நாளோடு முடிவதில்லை. வங்கி, காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் என்று அம்மாவை அழைத்துக்கொண்டு அலைய வேண்டியது பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைதான். இதற்கு நடுவில் அகமதிப்பீட்டுத் தேர்வுகள். தவறினால் அரியர்.

இதே கல்லூரிகளில்தான் பகுதி ஒன்று தமிழில் பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலை நடத்துகிறோம். திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று சொன்னால் மதிப்பெண் உண்டு. தந்தையை இழந்த இரு பெண்களின் குரலை ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துவந்ததில் நமக்குப் பெருமை. மூன்றாம் பெஞ்சில் அதே நிலையில் உட்கார்ந்திருப்பவளுக்கோ வருகைக் குறைவு.

புறநானூற்றை 1894இல் அச்சேற்றிய உ.வே.சா.வும் மாணவப் பருவத்தில் இத்துயரை அறிந்தவரே. 1876இல் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தபோது அவருக்கு 21 வயது நிறைந்திருக்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை அணைத்துக்கொண்டு தாமே பாடம் சொன்னார். இன்று பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரால் நூல்நிலையம் இருக்கிறது. ஒரு மடம் அன்று காட்டிய பரிவை அதைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் விதிப்புத்தகங்களில் தேடிப் பாருங்கள்.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டுமென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. வரவேற்கிறேன். ஆனால் துக்கம் நோயல்ல. ஆலோசகர் அறையில் அழ அனுமதித்துவிட்டு, வெளியே வந்ததும் வருகைக் குறைவுக்கு அபராதம் வாங்குவதை என்னவென்று சொல்வது? நிர்வாகம் தன் கடிகாரத்தைத் தொடாமல் மாணவரின் மனத்தை மட்டும் திருத்தப் பார்க்கிறது.

அரசுகளின் பார்வையிலும் இவர்கள் படுவதில்லை. கொரோனா இரண்டாம் அலையில் கண்ணம்மாபேட்டை மயானமும் பெசன்ட் நகர் மயானமும் ஓயாமல் எரிந்த 2021 மே மாதத்தில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென மத்திய அரசு திட்டம் அறிவித்தது. பெற்றோர் இறந்த நாளில் 18 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பத்தொன்பது வயதில் இருவரையும் பறிகொடுத்தவர் அதன்படி அநாதையல்லர், வயது வந்தவர்.

சலுகை கொடுத்தால் பொய் சொல்வார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். இறப்புச் சான்றிதழை மாநகராட்சி தருகிறது, போலிக் காய்ச்சலைப் போல அது எளிதில் கிடைத்துவிடாது. பொய் சொல்லக் கற்றுத்தருவது இன்றைய விதிதான். படிப்பில் மூழ்கினால் துக்கம் மறக்கும் என்பவர்களும் உண்டு. சிலருக்கு மறக்கலாம். அவர்கள் வரட்டும், வர முடியாதவரை ஏன் தண்டிக்க வேண்டும்?

நான் கேட்பது மூன்றுதான். இறப்புச் சான்றிதழின் நகலே போதும் என்ற விதி. வருகைக் கணக்கில் சேராத இருபது வேலைநாட்கள். தவறிய தேர்வை அரியர் என்று பதியாமல் அதே பருவத்தில் எழுத ஒரு வாய்ப்பு. இதற்குப் புதிய கட்டடமோ குழுவோ தேவையில்லை, பல்கலைக்கழகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை கையறுநிலையைப் பாடமாக நடத்த நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?