மடக்குவது யார்?

இடம் சிறிதானால் பொருளை மடக்கு என்பது இந்நாளைய நகர வாழ்வின் வேதம். சுவரோடு நிமிர்ந்து நிற்கும் கட்டில், கொக்கியை விடுத்தால் மேசையாகும் பலகை, அடியில் துணிமணி அடைக்கும் திவான் ஆகிய யாவும் மனித அறிவின் விளைவே. அவற்றை நான் பழிக்க வரவில்லை. மடக்குவது யார் என்று மட்டுமே கேட்க வருகிறேன்.

மும்பையில் 1920-களில் அரசு கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி அறை, கழிப்பிடமோ பொது. 2025-இல்தான் ஒர்லியில் அக்குடும்பங்களில் ஒரு பகுதியினர் 500 சதுர அடி வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். அந்த நற்பேறு வாய்க்காத ஒற்றை அறைகள் இந்நகரில் இன்னும் எத்தனையோ!

நான் தங்கியிருக்கும் அத்தை வீடும் அத்தகையதே. மாமா ஒரு மடக்குக் கட்டில் வாங்கினார். விடிந்ததும் அவர் ரயிலுக்கு ஓடுவார். நான் வகுப்புக்கு ஓடுவேன். மெத்தையோடு அதைத் தூக்கிச் சுவரில் சேர்ப்பவர் அத்தை.

"கட்டில் மடங்குகிறதடா, என் இடுப்புத்தான் மடங்க மறுக்கிறது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் போனேன். மறுவாரம் பாட்டிக்குக் காய்ச்சல். சோறு பரிமாற இடமில்லையென்று, படுத்திருந்தவரை எழுப்பி நாற்காலியில் உட்கார்த்தி, கட்டிலை மடக்கினோம். அன்று உண்ட சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்கென ஒரு சிக்கனச் சமையலறை வகுத்தார். இஸ்திரிப் பலகைகூடச் சுவரோடு மடிந்தது. சமைப்பவளின் நடையும் குறைந்தது. ஆனால் இருவர் சேர்ந்து வேலை செய்ய அதில் இடம் போதவில்லை. சமையல் ஒருத்தியின் தனிச்சுமையாயிற்று என்று பின்னாளில் பலர் குறை கூறினர்.

ஆகவே என் கருத்து இதுதான். கடையில் கட்டிலைக் காணும்போது, தினமும் அதைத் தூக்கப்போகிறவரை அழைத்துச் சென்று தூக்கச் சொல்லிப் பாருங்கள். பளுவைத் தாங்கும் வில்லோ வாயுத் தண்டோ உண்டா என்று கேளுங்கள். படுத்தவனே மடக்க வேண்டுமென்பதை வீட்டின் சட்டமாக்குங்கள். எவ்வளவு சிறிய அறையானாலும், முதியவர் நினைத்தபோது சாய ஆறடி இடத்தை மடக்காமல் விடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மேசை போயிற்று. பாட்டிக்கு ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. நான் தரையில் அமர்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் கட்டிலை மடக்குபவனும் நானே.