பொதுப்பணத்தில் விளையும் அறிவு யாருக்கு?

மின்னணுத் துறையில் ‘தற்சார்பு’ என்ற சொல் அமைச்சர்களின் உரைகளில் மட்டுமின்றி நம் ஆய்வு முன்மொழிவுகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அச்சொல்லின் பெயரால் பொதுநிதியிலிருந்து எவ்வளவு கொடுக்கிறோம், ஈடாக என்ன பெறுகிறோம் என்ற கணக்கைக் கேட்க ஆய்வுலகம் தயங்குகிறது. அத்தயக்கத்திற்கு இனியும் நியாயமில்லை.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் நிறுவனத்துக்கான ஆலை 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மொத்த மதிப்பு 275 கோடி டாலர். அதில் 50 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டைக் குஜராத் அரசும் ஏற்கின்றன. நிறுவனத்தின் பங்கு 82.5 கோடி டாலர் மட்டுமே. வேறு நாடுகளில் உருவான சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதே அங்கு நடக்கும் பணி. அதனால் வேலைவாய்ப்பு வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் செலவில் பத்தில் ஏழு பங்கை மக்கள் ஏற்ற பின்னும், சில்லின் வடிவமைப்பும் உற்பத்தி நுட்பமும் நிறுவனத்தின் உடைமையாகவே நீடிக்கும். இதைத் தற்சார்பு என்று எந்த இலக்கணப்படி அழைப்பது?

அதன் அருகில் இன்னொரு தொகையை வைத்துப் பாருங்கள். மின்னணுக் கழிவு, பழைய மின்கலங்கள் முதலியவற்றிலிருந்து முக்கியக் கனிமங்களை மீட்கும் மறுசுழற்சித் தொழிலுக்காக 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஊக்கத்தொகை 1,500 கோடி ரூபாய். அது நாடு முழுமைக்கும், 2030-31 வரையிலான ஆறு நிதியாண்டுகளுக்கும் உரியது. சானந்தின் ஒற்றை ஆலைக்கான பொதுப்பங்கு மட்டும் 15,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நம் முன்னுரிமை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுசுழற்சியைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கவலை என்று ஒதுக்குவோர் 2025 ஏப்ரலை நினைவுகூர வேண்டும். அரிய மண் தனிமங்கள் சிலவற்றின் மீதும் அவற்றால் செய்யும் காந்தங்களின் மீதும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. சில வாரங்களில் இந்திய வாகனத் தொழில் காந்தங்களுக்குத் தவித்தது. அதே வேளையில், நியோடிமியக் காந்தங்களைக் கொண்ட பழைய வன்தட்டுகளும் ஒலிபெருக்கிகளும் நம் நகரங்களின் கழிவுக் கிடங்குகளில் குவிந்து கிடந்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களின் மீட்புக்கே உற்பத்தியாளர் பொறுப்புச் சான்றிதழ்கள் வழங்கத் தொடங்கினார்கள். சான்றிதழில் கணக்கு வைக்கப்படாத தனிமத்தை எந்த மறுசுழற்சியாளர் தன் கைப்பணத்தைச் செலவிட்டு மீட்பார்?

இனி, வட்டாரத் தற்சார்பு. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைத் தொழிலால் பெயர்பெற்ற நகரம். உலோகத்தை உருக்கிப் பிரிக்கும் தலைமுறை அறிவு அங்கே இருந்ததால்தான், தில்லியின் சீலம்பூரில் பிரித்தெடுக்கப்பட்ட சுற்றுப்பலகைகள் அங்கு சென்று சேர்ந்தன. அமிலத்தாலும் தீயாலும் உலோகத்தை எடுக்கும் அத்தொழிலின் சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் கொட்டப்பட்டு, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. இன்னொரு புறம், அதே சுற்றுப்பலகைகளிலிருந்து உலோகங்களைப் பாதுகாப்பாக மீட்கும் செயல்முறையை ஹைதராபாத்தின் சி-மெட் ஆய்வகம் பொதுநிதியில் உருவாக்கியிருக்கிறது. ஆய்வகத்தில் அறிவியல் இருக்கிறது, மொராதாபாத்தில் கைத்திறன் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வேண்டிய நிதியும், இடையில் நின்று பணியாற்ற வேண்டிய அருகமைப் பல்கலைக்கழகத் துறைகளும் எந்தப் பெருந்திட்டத்தின் மையத்திலும் இல்லை.

மாறாக, மாநிலங்களை ஏலத்தில் நிறுத்தியிருக்கிறோம். ஒன்றிய அரசின் 50 விழுக்காட்டுக்கு மேல் தன் பங்கைக் கூட்டித்தர வல்ல மாநிலத்துக்கே ஆலை செல்கிறது. செமிகண்டக்டர் திட்டத்தில் ஒப்புதல் பெற்ற முதல் ஐந்து ஆலைகளில் நான்கு குஜராத்திலும் ஒன்று அசாமிலும் அமைகின்றன. கஜானா பருத்த மாநிலம் வெல்லும் போட்டிக்கு வட்டார வளர்ச்சி என்று பெயர் சூட்டுவது சொல்லுக்கே இழுக்கு.

‘எல்லா நாடுகளும் மானியம் தருகின்றன’ என்பது வழக்கமான விடை. தருகின்றன, ஆனால் எப்படி? அமெரிக்காவின் 2022 சிப்ஸ் சட்டத்தில் உற்பத்திக்கு 3,900 கோடி டாலர் என்றால், ஆராய்ச்சிக்கென 1,100 கோடி டாலர் தனியே ஒதுக்கப்பட்டது. 15 கோடி டாலருக்கு மேல் மானியம் பெறும் நிறுவனம் எதிர்பார்ப்பை மிஞ்சிய இலாபத்தில் ஒரு பகுதியை அரசுடன் பகிர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு இன்டெல் நிறுவனத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு பங்கையே எடுத்துக்கொண்டது. தடையற்ற சந்தையை உலகுக்கு உபதேசித்த நாடே பொதுப்பணத்துக்குப் பங்கு கேட்கிறது. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

ஆராய்ச்சிக்கு 1 லட்சம் கோடி ரூபாய் நிதி அறிவித்தாயிற்றே என்பார்கள். 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற அத்திட்டம் பெரும்பாலும் தனியார் துறைக்கான நீண்டகாலக் கடன். தொழில்நுட்ப முதிர்ச்சி நான்காம் நிலையை எட்டிய பணிகளுக்கே உரியது. முதல் மூன்று நிலைகளில் உழலும் மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் துறை எந்த வங்கியில் கடன் கேட்கும்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு (2020-21) இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் நான்கு. மின்னணு ஆலை மானியம் ஒவ்வொன்றிலும் ஒரு நிலையான பங்கு, அவ்வட்டாரப் பொதுப் பல்கலைக்கழகங்களின் பொருளறிவியல், மீட்பு, பழுதுநீக்க ஆய்வுகளுக்குச் சட்டப்படி சேர வேண்டும். சான்றிதழ் வழங்கும் உலோகப் பட்டியலில் அரிய மண் தனிமங்களும் கோபால்ட்டும் சேர வேண்டும். மொராதாபாத் போன்ற இடங்களில் தொழிலாளர்களே பங்காளிகளாகும் பொது மீட்பு நிலையங்களுக்கு அரசு முதலீடு செய்ய வேண்டும். மானிய ஒப்பந்தங்களின் நிபந்தனைகளை முழுமையாகப் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

இவற்றைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டு. நம் உதவித்தொகையும் அதே பொதுநிதியிலிருந்துதான் வருகிறது. அடுத்த முன்மொழிவில் ‘தற்சார்பு’ என்று எழுதும் முன், எவருடைய சார்பைக் குறைக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.