குழாயில் ஷாக் அடித்தால்...

கேள்வி: வீட்டுக் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. நானே கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: தண்ணீர் எடுக்காதது மட்டும் என்றால் புட் வால்வில் அடைப்பா, வாஷர் தேய்ந்ததா என்று நீங்களே பார்க்கலாம். மெயினை நிறுத்தி, பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் ஷாக் வேறு சமாசாரம். காயில் பழுதாகி மின்சாரம் மோட்டார் உடம்புக்கு வந்திருக்கலாம், எர்த்தும் சரியில்லை. 'லேசாக' என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு தொட்டால் அதே கசிவு ஆளைக் கொன்றுவிடும். உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அதுவரை மோட்டாரைப் போடவே வேண்டாம். மூடியையும் திறக்காதீர்கள்; நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எர்த்தைச் சரிசெய்து, அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள்.