சுட்டதும் சொன்னதும்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கிலிருந்து அப்துல் கலாம் தீவு நேர்கோட்டில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஒடிசாக் கரையோரம், தாம்ராவுக்குப் பக்கத்தில், வங்கக் கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவு அது. 2015 வரை வீலர் தீவு என்று பெயர். 2019 மார்ச் 27 அன்று முற்பகலில் அங்கிருந்து கிளம்பிய இடைமறிப்பு ஏவுகணை ஒன்று, மூன்று நிமிடத்துக்குள் மைக்ரோசாட்-ஆர் என்ற இந்தியச் செயற்கைக்கோளை மோதித் தகர்த்தது. மோதல் நடந்த உயரம் சுமார் 283 கிலோமீட்டர். கொல்கத்தாவின் இந்தப் புறநகருக்கும் அந்தத் தீவுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விண்வெளி நம் தலைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

740 கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோளில் பழுது எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜனவரி 24 அன்றுதான் பி.எஸ்.எல்.வி. சி-44 அதை மேலே கொண்டுபோய் விட்டிருந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்குப் படமெடுத்துத் தரும் செயற்கைக்கோள் என்றே அப்போது சொல்லப்பட்டது. இரண்டு மாதத்தில் அது இலக்கானது.

ஒரு செயற்கைக்கோளை ராணுவம் சுடும்போது ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் காரணம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சுடுவதற்கு அது மட்டும் போதுமா என்று கேட்பது குடிமக்களின் உரிமை. இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 2008இல், அமெரிக்காவில்.

யு.எஸ்.ஏ.-193 ஓர் உளவுச் செயற்கைக்கோள். 2006 டிசம்பர் 14 அன்று ஏவப்பட்ட சிறிது நேரத்திலேயே தரையுடன் தொடர்பு அறுந்துபோயிற்று. 2,300 கிலோ எடையோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் தொட்டியில் ஏறத்தாழ 450 கிலோ ஹைட்ரசீன் எரிபொருள், பயன்படுத்தப்படாமலே இருந்தது. நச்சுப் பொருள் ஊர்மேல் விழுந்துவிடக்கூடாது, அதனால் சுடுகிறோம் என்று 2008 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க அரசு அறிவித்தது. சிதறிப்போன கொலம்பியா விண்கலத்தின் ஹைட்ரசீன் தொட்டி 2003இல் தரையை வந்தடைந்ததை எடுத்துக்காட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் லேக் ஈரி என்ற போர்க்கப்பலிலிருந்து எஸ்.எம்.-3 ஏவுகணை பாய்ந்தது. பசிபிக் பெருங்கடலுக்கு மேலே, சுமார் 247 கிலோமீட்டர் உயரத்தில், தொட்டியோடு செயற்கைக்கோள் உடைந்தது.

காரணம் நியாயமானதுதான். ஆனால் சுற்றிலும் நடந்தவற்றைப் பாருங்கள். பதின்மூன்று மாதம் முன்பு, 2007 ஜனவரி 11 அன்று, சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஃபெங்யுன்-1சி-யைத் தகர்த்திருந்தது. அமெரிக்க அறிவிப்புக்கு இரண்டே நாள் முன்பு, விண்வெளியில் ஆயுதம் வைப்பதைத் தடுக்கும் ஒப்பந்த வரைவு ஒன்றை ரஷ்யாவும் சீனாவும் ஜெனீவாவில் வைத்திருந்தன. எஸ்.எம்.-3 செயற்கைக்கோள்களைச் சுடச் செய்யப்பட்டதல்ல, ஏவுகணைகளைத் தடுக்கச் செய்யப்பட்டது. அதனால் இதுவும் முடியும் என்று ஒரே அடியில் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. உளவுக் கருவியின் பாகங்கள் வேறு நாட்டின் கையில் சிக்காமலும் போயின. 77 டன் ஸ்கைலாப் 1979 ஜூலையில் விழப்போகிறது என்று இந்தியா முழுக்கக் கிலி பிடித்ததே, நினைவிருக்கும். அன்று அதை யாரும் சுடவில்லை. இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்து, உயிர்ச்சேதம் இல்லாமல் போயிற்று. 1978இல் அணு உலையோடு கனடாவின் வடக்கே விழுந்த சோவியத் காஸ்மாஸ்-954ஐயும் யாரும் சுடவில்லை. ஹைட்ரசீன் ஒரு காரணம்; அது வாய்ப்பையும் கொடுத்தது என்பதே என் தீர்ப்பு.

இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. அதில் இந்தியாவுக்கு நல்ல பங்கு இருந்தது. 1985 ஜனவரியில் ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது ஆறு நாடுகளின் தலைவர்கள் தில்லியில் கூடி, விண்வெளியில் ஆயுதப் போட்டி வேண்டாம் என்று பிரகடனம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் எஃப்-15 விமானம் ஒன்று ஏவுகணை விட்டு சோல்விண்ட் செயற்கைக்கோளை உடைத்தது. சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த அந்தச் செயற்கைக்கோள் அன்றும் தரவுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஓர் ஆய்வுக்கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே சோதனைக்குப் பலியானதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தில்லிப் பிரகடனம் செய்த நாடு 34 ஆண்டு கழித்து ஏன் சுட்டது? விடையின் ஒரு பகுதி சால்ட் லேக்கிலேயே இருக்கிறது. சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கி எழுப்பிய இந்நகரின் ஏ.எஃப். பிளாக்கில் மாறுபடும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் உள்ளது. 1977இல் அந்த சைக்ளோட்ரானில் முதல் துகள் கற்றை கிடைத்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான் பொக்ரான் அணு வெடிப்பு நடந்து, அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு அமைத்து நம்மை ஒதுக்கின. 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டு சோதித்த நாடுகளே அணு ஆயுத நாடுகள் என்று அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் வரையறுத்திருந்தது. நாம் 1974இல் சோதித்தோம். தாமதத்துக்கு விலையாக, வெளியே கிடைக்காததைக் கையால் செய்து கற்றது ஒரு தலைமுறை. அந்த வடு ஆறவில்லை.

செயற்கைக்கோள் எதிர்ப்பு ஆயுதங்களுக்கும் ஒருநாள் தடை வரும், அப்போதும் வாசலுக்கு வெளியே நிற்கக்கூடாது என்ற எண்ணம் நம் பாதுகாப்பு வட்டாரத்தில் ஊறிப்போனது. 2012இல் அக்னி-5 சோதனைக்குப் பிறகு, டி.ஆர்.டி.ஓ. தலைவராக இருந்த வி.கே. சரஸ்வத் வேண்டிய தொழில்நுட்பம் கைவசம் உள்ளதாகச் சொன்னார். சோதனை நாளில் வெளியுறவு அமைச்சகம் தந்த விளக்கமும், எதிர்காலச் சட்டங்களை வரைவதில் இந்தியா பங்கு வகிக்க விரும்புவதாகக் கூறியது. இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன்.

நேரம் வேறு விஷயம். தேர்தல் அறிவிப்பு வந்து பதினேழு நாளில், முதல் கட்ட வாக்குப்பதிவுக்குப் பதினைந்து நாள் முன்பு, பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். மம்தா பானர்ஜி எதிர்த்தார். நடத்தை விதி மீறப்படவில்லை என்று தேர்தல் ஆணையம் தீர்ப்பளித்தது. விதி மீறப்படவில்லை என்பதால் நோக்கம் பற்றிய கேள்வி முடிந்துவிடாது. விஞ்ஞானிகளே அறிவித்திருந்தால் பெருமை குறைந்திருக்காது.

இனி சிதறல்கள். தாழ்ந்த உயரத்தில் சுட்டதால் அவை சில வாரங்களில் விழுந்துவிடும் என்றது அரசு. 45 நாள் என்றார் டி.ஆர்.டி.ஓ. தலைவர் சதீஷ் ரெட்டி. பெரும்பாலானவை விரைவில் விழுந்தன. எல்லாமே அல்ல. இடைமறிப்பானின் முனையில் வெடிமருந்து இல்லை, வேகமே ஆயுதம். வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் உலோகமும் உலோகமும் மோதும்போது, சில துண்டுகள் முன்பைவிட வேகமாக வீசப்படுகின்றன. அப்படி வீசப்பட்ட துண்டு, மோதிய இடத்தில் 283 கிலோமீட்டரில் இருந்தாலும், பூமியின் மறுபக்கம் போகும்போது மிக உயரே ஏறுகிறது. சில துண்டுகள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே போயின. சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கு மேலே ஏறிய 24 துண்டுகளைச் சுட்டிக்காட்டிக் கடுமையாகக் கண்டித்தார் நாசா தலைவர் ஜிம் பிரிடென்ஸ்டைன். கண்காணிக்கப்பட்ட கடைசித் துண்டு விழ 2022 ஆயிற்று.

சீனச் சோதனை இதைவிடப் பன்மடங்கு கேடு. 865 கிலோமீட்டரில் உண்டான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் பெரும்பகுதி இன்னும் சுற்றுகிறது. 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ்-1408ஐ உடைத்தபோது, விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்யர்கள் உட்பட, தங்கள் கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது.

இத்தகைய சோதனைகளை நிறுத்துவோம் என்று 2022 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பின்தொடர்ந்தன. அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதையே வலியுறுத்தி வந்த தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவளித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது; இலங்கையும் ஒதுங்கியது.

வாசலுக்கு உள்ளே வந்துவிட்டோம் என்றால், நாம் இழப்பது இனி ஒன்றுமில்லை. நிரூபித்த திறனை மீண்டும் நிரூபிக்கத் தேவையும் இல்லை. இந்திய அரசு இனி எந்தச் செயற்கைக்கோளையும் உடைத்துச் சோதிக்கப்போவதில்லை என்று வெளிப்படையாக உறுதிகூற வேண்டும், அடுத்த வாக்கெடுப்பில் ஆதரித்து வாக்களிக்க வேண்டும், 1985இல் தில்லியில் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதை அவையில் கேட்க வேண்டும்.