கேள்விக்கும் மதிப்பெண் வேண்டும்

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க இடத்தில் இருக்கிறது. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 அறிக்கைப்படி, 18 முதல் 23 வயதுப் பிரிவினருக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் இங்கே 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் ஊர்தோறும் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களை உள்ளே கொண்டுவரத் தலைமுறைகள் போராடின. உள்ளே வந்தபின் என்ன கிடைக்கிறது என்பதே இனி நம் கவலையாக இருக்க வேண்டும். வீட்டிலும் தெருவிலும் கைப்பேசியிலும் திரட்டிய நம்பிக்கைகளில் ஒன்றையாவது உரசிப் பார்க்கும் வாய்ப்பு மூன்றாண்டுகளில் ஒரு மாணவருக்குக் கிடைக்கிறதா? பெரும்பாலும் இல்லை.

செமினார் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். இணையத்திலிருந்து எடுத்த ஸ்லைடுகளைத் திரையில் ஓடவிட்டு மாணவர் அப்படியே வாசிக்கிறார். முடிந்ததும், "டவுட் இருந்தா கேளுங்க" என்கிறார் பேராசிரியர். யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் நண்பனை மாட்டிவிட்டதாகிவிடும்; தன் முறை வரும்போது அவனும் கேட்பான். கைதட்டல், இன்டர்னல் மதிப்பெண், அடுத்த ரோல் நம்பர். செமஸ்டர் தேர்விலும் பழைய வினாத்தாள்களைப் புரட்டி, வரக்கூடிய கேள்விகளை ஊகித்து உருப்போட்டவர் முதல் வகுப்பில் தேறிவிடுகிறார். மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ, அதைத்தான் அவர் செய்கிறார்.

நம் மரபு இதைவிடத் தெளிவாக இருந்தது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் அது கால் பங்குக் கல்விதான் என்கிறது 13ஆம் நூற்றாண்டின் நன்னூல். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வரும். பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும். மணிமேகலையும் வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளை அவரவர் வாயாலேயே கேட்டறிந்த பிறகுதான் காஞ்சிக்குச் சென்று பௌத்த அறத்தை முழுமையாக ஏற்கிறாள். அந்த முதல் கால் பங்குக்கே முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்டு நிற்கிறது இன்றைய கல்லூரி.

இதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளி, கல்லூரிகளில் சாதி வன்முறையைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தத் தடை அவசியமானது. ஆனால் கயிற்றை அறுக்கச் சுற்றறிக்கை போதும். அதைக் கட்டவைத்த எண்ணத்தை மாணவர் தானாக அவிழ்த்துப் பார்க்க வகுப்பறை வேண்டும். 'எங்கள் ஆட்கள்' என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம், அந்தப் பெருமையால் யாருக்கு லாபம் என்று கேட்கும் பழக்கம் பதினெட்டு வயதில் வராவிட்டால் பிறகு வருவது கடினம்.

சாதியோடும் மதத்தோடும் இந்தக் கேள்வி நின்றுவிடக் கூடாது. பகுத்தறிவு, தமிழ்ப் பெருமை, தேசபக்தி, சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற நினைப்பு எல்லாமே உருப்போடப்படக் கூடியவைதான். தான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், சொந்த அறிவால் ஆராய்ந்து முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர் பெரியார். அவர் பெயரைச் சொல்பவர்களுக்கும் அந்த வேண்டுகோள் பொருந்தும்.

ஆகவே, நம் கோரிக்கை இது. கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக ஒரு தாளுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு உரியது. அதில் 5 மதிப்பெண்ணை எதிர்வாதத்துக்கு ஒதுக்க வேண்டும். இடஒதுக்கீடு பொருளாதார அடிப்படையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைக்கும் மாணவர், சமூக அடிப்படைக்கான மிக வலுவான வாதத்தைத் தேடிப் படித்து எழுதட்டும். மறுதரப்பு மாணவர் அதேபோல் இவருடைய வாதத்தை எழுதட்டும். 'ஆமாம், நாங்கள் சொல்வது இதைத்தான்' என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால்தான் மதிப்பெண். கடைசியில் எந்த ஆதாரம் கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். கருத்தை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. ஆராய்ந்த பிறகும் தன் நம்பிக்கையில் நிற்பவர் முன்பைவிட உறுதியாக நிற்பார். பெற்றோர் அஞ்ச இதில் எதுவுமில்லை.

வேலைவாய்ப்புக்கு இது உதவுமா என்று கேட்பார்கள். உருப்போட்டதைத் திருப்பிச் சொல்லும் வேலையைக் கணினி செய்யத் தொடங்கிவிட்ட காலம் இது. தனக்குக் கிடைத்த விடை சரியா என்று சோதிக்கத் தெரிந்தவருக்கே இனி வேலை நிலைக்கும்.

மாணவர் கேட்க வேண்டுமானால் ஆசிரியர் அச்சமின்றி இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி வகுப்புகளில் கணிசமானவற்றைச் சுமப்பவர்கள் பணிப் பாதுகாப்பில்லாத கௌரவ விரிவுரையாளர்கள். யாரோ ஒருவர் புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற நிலையில், எந்த விவாதத்தையும் துணிந்து தொடங்க அவர்களால் இயலாது. 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ஒரு பெயரற்ற புகாரைத் தொடர்ந்து பறிக்கப்பட்டு, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு திரும்ப வழங்கப்பட்டதை மறந்துவிட முடியாது. வகுப்பறை விவாதத்துக்காக எந்த ஆசிரியர் மீதும், விசாரித்து விளக்கம் கேட்காமல் நடவடிக்கை கூடாது என்று அரசு எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும்.

அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு சொல்கிறது. கடமையாகச் சொல்லப்பட்டதற்கு மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லாதிருப்பது முரண். பாடத்திட்டக் குழுக்களும் பல்கலைக்கழகக் கல்விக் குழுக்களும் அடுத்த கல்வியாண்டுக்கான விதிமுறைகளை வகுக்கும்போது இந்த 5 மதிப்பெண்ணை எழுதிச் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ தனி நிதியோ தேவையில்லை. உயர்கல்வித் துறை முடிவெடுத்தால் போதும்.