கல்லெறிபட்ட மண்டையோடு

“எதற்கும் உதவாதது” என்று நாம் ஒதுக்கும் பொருள்கள் யாவும் உண்மையிலேயே உதவாதவைதாமா? இதற்கு விடை காண விரும்புவோர், டாக்சோடான் என்னும் விலங்கின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

1833-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பீகிள் கப்பலில் பயணம் செய்துவந்த சார்லஸ் டார்வின், தென் அமெரிக்காவில் இன்று உருகுவே என வழங்கும் நாட்டில் ஒரு பண்ணை வீட்டிற்குச் சென்றார். அங்கே பெரியதொரு மண்டையோடு இருந்தது. கிடைத்தபோது அது முழுமையாக இருந்ததாம். சிறுவர்கள் கல்லால் அடித்துப் பற்கள் சிலவற்றை உடைத்தனர். பின்னர் அதையே குறியாக நிறுத்திக் கல்லெறிந்து விளையாடினர். டார்வின் அதை 18 பென்ஸ் கொடுத்து வாங்கினார். அங்கிருந்து சுமார் 180 மைல் தொலைவில், ஓர் ஆற்றங்கரையில் அவர் கண்டெடுத்திருந்த பல் ஒன்று, அதன் பற்குழியில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது!

1837-இல் ரிச்சர்டு ஓவன் என்ற அறிஞர் அவ்விலங்குக்கு ‘வில் போன்ற பல்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். காண்டாமிருகம் போன்ற பருத்த உடல். ஒரு டன்னுக்கு மேல் எடை. காலுக்கு மூன்று குளம்பு விரல்கள். தாவரங்களை மென்று தேய்ந்த பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருந்தன. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடியும் காலத்தில் இவ்வினம் அழிந்தது.

இது எவ்விலங்குக்கு உறவு? உடலைக் கண்டால் யானை, காண்டாமிருகம். பல்லைக் கண்டால் எலி, அணில். கண்ணும் மூக்கும் அமைந்த இடத்தைக் கண்டால் கடற்பசு! அறிஞர்கள் திகைத்தனர். 2015-இல்தான், எலும்பில் எஞ்சியிருந்த கொல்லாஜன் என்னும் புரதத்தை ஆராய்ந்து, குதிரை, காண்டாமிருகம் ஆகியவற்றின் குலத்திற்கே இது நெருங்கிய உறவு எனக் கண்டனர். அருங்காட்சியகங்கள் எலும்புகளைக் காத்து வைத்திராவிடில் இவ்விடை கிடைத்திருக்குமா?

“செத்துப்போன விலங்கால் நமக்கு என்ன லாபம்?” என்று சிலர் கேட்கலாம். உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்று டார்வினைச் சிந்திக்க வைத்தவற்றுள், தென் அமெரிக்காவில் கிடைத்த இத்தகைய எலும்புகளும் அடங்கும். அச்சிந்தனையே 1859-இல் நூலாக வெளிவந்து அறிவுலகை அசைத்தது. 18 பென்ஸுக்கு இதைவிடப் பெரிய லாபம் வேண்டுமோ?

கல்லெறிந்த சிறுவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து. அது இன்னதென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இன்று நமக்கோ ஆசிரியைகள் இருக்கின்றனர், நூலகம் இருக்கிறது. கேட்டால் சொல்வதற்குப் பெற்றோர் இருக்கின்றனர். அறியாமை என்ற சாக்கு நமக்குச் செல்லாது.

ஆகவே, அன்புத் தோழியரே! விளங்காத பொருள் ஒன்றைக் கண்டால் எறியுமுன், “இது என்ன?” என்று ஒரு முறை கேட்போம். பெரியோரே! நாங்கள் அவ்வாறு கேட்கும்போது, “போய்ப் பாடத்தைப் படி” என்று விரட்டாதீர்கள். அக்கேள்வியும் பாடந்தான். உடைந்த பல்லை ஒட்டிவிடலாம். கேளாமல் விட்ட கேள்விக்கு விடை ஏது?