அரை ஆயுளை நம்பி அளவு எழுதலாமா?

டிகாக்சினின் அரை ஆயுள் 36 முதல் 48 மணி நேரம் என்று படித்து வைத்திருக்கிறோம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கான கணக்கு அது. சிறுநீரே பிரியாத நோயாளிக்கு அதுவே மூன்றரை முதல் ஐந்து நாள்வரை நீளும்.

சிராங்கூன் சாலை மருந்தகத்துக்குச் சீட்டோடு வரும் 82 வயதுத் தாத்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 52 கிலோ, கிரியேட்டினின் லிட்டருக்கு 95 மைக்ரோமோல். அறிக்கையில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 140இல் வயது போக 58, அதை 52ஆலும் 1.23ஆலும் பெருக்கி 95ஆல் வகுத்தால் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 39 மில்லிலிட்டர்தான். தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் ஊறுவதே குறைவு. அறிக்கை அழகாக இருப்பதன் காரணம் அவ்வளவே.

அரை ஆயுள் என்பது பரவல் கொள்ளளவை 0.693ஆல் பெருக்கி, கிளியரன்ஸால் வகுத்து வருவது. இரண்டும் சேர்ந்து குறைந்தால், கிளியரன்ஸ் குறைந்த அளவுக்கு அது நீளாது. டிகாக்சினில் நடப்பது இதுதான்: சிறுநீரகம் தளரும்போது பரவல் கொள்ளளவும் சுருங்குகிறது. அரை ஆயுளை மட்டும் பார்ப்பவர் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிடுவார். அளவை முடிவு செய்ய வேண்டியது கிளியரன்ஸ்.

இதில் இன்னொரு கோணத்தைச் சிங்கப்பூரே காட்டியிருக்கிறது. இங்கு வசிப்பவர்களிடம் ரோசுவாஸ்டாட்டினை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், அதே அளவு மருந்துக்கு இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவு வெள்ளையரைவிடச் சீனருக்கு 2.31 மடங்கு, மலாய்க்காரருக்கு 1.91, இந்தியருக்கு 1.63. ஊர் ஒன்று, மாத்திரை ஒன்று. வெளிநாட்டு அட்டவணையை அப்படியே நம்மவருக்குப் பொருத்துவது சோம்பேறித்தனம். அதே சமயம், 1.63 என்பது சராசரி. எதிரே நிற்பவரின் எண் அல்ல.

மீண்டும் டிகாக்சினுக்கு வருவோம். நிலையான செறிவுக்கு ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள் வேண்டும். 40 மணி நேரமானால் எட்டு நாளைத் தாண்டும். 72 மணி நேரமானால் 15 நாள். ஐந்தாம் நாள் இரத்தம் எடுத்து, "போதவில்லை" என்று அளவைக் கூட்டினால் இரண்டாம் வாரத்தில் குமட்டலும் இதயத் துடிப்புக் கோளாறும் வந்து நிற்கும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டிகாக்சின் மாதிரியைக் கடைசி வேளை மருந்துக்கு ஆறு மணி நேரமாவது கழித்து எடுங்கள். படிவத்தில் அந்த நேரம், மருந்து தொடங்கிய தேதி, நோயாளியின் எடை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இவை இல்லாமல் வரும் முடிவை வைத்து அளவை மாற்றாதீர்கள்.